தலைக்குள் ஓடும் வசனம் எந்தத் தமிழில் ஓடுகிறது?

சென்ற ஆண்டு, யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை, பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆங்கிலம் படித்த பிள்ளை ஒருத்தி இரண்டு தாள்களோடு வீட்டுக்கு வந்தாள். பட்டமேற்படிப்புக்காக அவள் செய்யும் ஆய்வு, பல்கலைக்கழக மாணவரின் மனதில் தாமாகவே தோன்றி மறையும் எதிர்மறை எண்ணங்களைப் பற்றியது. அவற்றை அளப்பதற்கென்று ஆங்கிலத்தில் உள்ள வினாக்கொத்து ஒன்றைத் தமிழாக்கி, அந்தத் தமிழ் வடிவத்தை இங்குள்ள மாணவரிடம் நம்பிக் கொடுக்கலாமா என்று சோதித்துப் பார்ப்பதே அவளுடைய வேலை. இத்தகைய பணிக்கு மொழிபெயர்ப்பாளர் இருவர் தேவை. ஒருவர் துறை அறிந்தவராகவும் மற்றவர் துறை அறியாதவராகவும் இருக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து பலரும் பின்பற்றிவரும் வழிகாட்டல். "ரீச்சர், உங்களுக்கு இந்தப் பாடம் தெரியாது எண்டபடியாத்தான் உங்களிட்ட வந்தனான். படிச்ச ஆக்கள் புத்தகச் சொல்லைப் போட்டிடுவினம்" என்றாள்.

முப்பது வசனங்கள் மட்டுமே இருந்தன. எல்லாம் சின்ன வசனங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் ஆங்கிலம். பின்னேரம் தொடங்கினால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். கடைசி வசனத்தை ஒப்புக்கொள்ள எங்களுக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. அந்த ஏழு மாதங்களில் நான் கற்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். உளவியல் படித்தவர்களுக்கு இதில் சில பகுதிகள் தெரிந்தவையாக இருக்கும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உளமருத்துவராக இருந்த ஆரன் பெக், நோயாளர்கள் தம்மிடம் பேசிக்கொண்டிருக்கும் பொழுதே அவர்களுக்குள் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ஒரு பெண் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதே வேளையில் "இவருக்கு என் கதை சலிப்பூட்டுகிறது" என்ற எண்ணமும் அவளுக்குள் ஓடுகிறது. அவளுடைய பதற்றம் சொல்லிய கதையிலிருந்து வரவில்லை, சொல்லாத அந்த வசனத்திலிருந்து வருகிறது. யாரும் வரவழைக்காமல், சட்டென்று, சுருக்கமாக, உண்மை போலவே வந்துவிடுகிற இத்தகைய எண்ணங்களைப் பெக் 1960களில் எழுதத் தொடங்கினார். மனச்சோர்வு உள்ளவரிடம் இவை தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியுமாக மூன்று திசைகளில் இருண்டு கிடக்கும் என்பது அவருடைய கருத்து. அவர் 1921இல் பிறந்து 2021இல், நூறு வயதில், காலமானார்.

இவ்வெண்ணங்களை எண்ணிக்கைக்குள் கொண்டுவந்தவர்கள் ஸ்டீவன் ஹொலன், பிலிப் கெண்டல் என்னும் இருவர். எங்கள் கையில் இருந்த வினாக்கொத்து அவர்களுடையதுதான்; அதைப் பற்றிய கட்டுரை 1980இல் வெளிவந்தது. அவர்கள் செய்த முதல் வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 788 பல்கலைக்கழக மாணவரிடம், மனம் நொந்த ஒரு நிகழ்வை நினைத்துப் பார்த்து, அப்பொழுது தலைக்குள் ஓடியவற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். வந்தவற்றிலிருந்து நூறு வசனங்களைப் பொறுக்கி வேறு 312 மாணவரிடம் கொடுத்து, மனச்சோர்வு உள்ளவரையும் இல்லாதவரையும் தெளிவாகப் பிரித்துக் காட்டிய முப்பதை மாத்திரம் வைத்துக்கொண்டார்கள். கடந்த ஒரு கிழமையில் இந்த எண்ணம் எவ்வளவு தடவை வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை இலக்கமிட வேண்டும். ஆகவே மொத்தப் புள்ளி 30க்கும் 150க்கும் இடையில் நிற்கும். வினாக்கொத்து என்கிறோமே தவிர அதில் ஒரு மாணவரைப் பார்த்துக் கேட்கும் வினா எதுவும் இல்லை. எல்லாம் மாணவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் வசனங்கள்.

எனக்கு முதலில் உறைத்ததும் அதுதான். அந்த முப்பதும் ஒருவர் இருந்து யோசித்து ஆக்கியவை அல்ல. மாணவரின் வாயிலிருந்து கேட்டு எடுத்தவை. கேட்டு எடுத்த வசனத்தை நான் அகராதியை விரித்து மொழிபெயர்க்கத் தொடங்கினால், கேட்டதன் பயன் அந்த இடத்திலேயே போய்விடும்.

தலைப்பிலேயே தடக்குப்பட்டோம். ஆங்கிலத்தில் அது Automatic Thoughts Questionnaire. "தானியங்கி எண்ணங்கள்" என்பது துறை அறிந்த மொழிபெயர்ப்பாளர் தந்த தொடர். சொல்லுக்குச் சொல் சரியானது. ஆனால் வாசிப்பவருக்கு வங்கி வாசலில் காசு எடுக்கும் இயந்திரம் நினைவுக்கு வரும். நான் "தானாக வரும் யோசனைகள்" என்று எழுதினேன். அதிலும் பிழை இருந்தது. யாழ்ப்பாணத்தில் யோசினை என்றால் நினைப்பும் அதுதான், கவலையும் அதுதான். "அவன் ஒரே யோசினையாக் கிடக்கிறான்" என்று ஒரு தாய் சொன்னால், மகன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று எவரும் விளங்கிக்கொள்வதில்லை. "யோசியாதேங்கோ" என்று ஆறுதல் சொன்னால் சிந்திப்பதை நிறுத்தச் சொன்னதாகவும் எவரும் எடுப்பதில்லை. தாளின் தலையில் யோசனை என்று போட்டால் மாணவர் முதல் வசனத்தை வாசிக்க முன்னரே கவலையைத் தேடத் தொடங்கிவிடுவார். கடைசியில் "மனதில் தாமாக வரும் எண்ணங்கள்" என்று வைத்துக்கொண்டோம். அது எவருடைய வாய்ச்சொல்லும் அன்று. எனினும் எந்தப் பக்கமும் சாயாத சொல்.

அடுத்து வந்தது பால் பற்றிய சிக்கல். ஆங்கிலத்தில் தன்னைத் தோல்வியாளன் என்று இழித்துரைக்கும் வசனங்கள் ஒன்றுக்கு மேல் உள்ளன. தமிழில் வினைச்சொல் தன்மையில் நிற்கும்போது பால் காட்டாது; வந்தேன் என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். ஆனால் பெயர்ச்சொல் வந்தவுடன் தோற்றவன், தோற்றவள் என்று பிரிந்துவிடும். இரண்டையும் சாய்கோடு இட்டு எழுதினால் அது விண்ணப்பப் படிவம் போலாகிறது. தோற்றவர் என்று எழுதினால் பால் மறையும். ஆனால் தன்னையே வெறுத்து நிற்கும் ஒருவர் தனக்குத்தானே மரியாதைப் பன்மை போட்டுக்கொள்வாரா? "நான் தோற்றுவிட்டேன்" என்று வினையாக்கலாம் என்றார் மொழிபெயர்ப்பைப் பார்க்கக் கூடிய எங்கள் குழுவில் ஒருவர். அதை அந்தப் பிள்ளை உறுதியாக மறுத்தாள். அவள் மறுத்ததற்கான காரணம் எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. தோற்றுவிட்டேன் என்பது ஒரு நிகழ்வு. ஒரு பாடத்தில் தவறிய மாணவர் அதைச் சொன்னால் அது செய்தி மாத்திரமே; அதிலிருந்து எழுந்து நடக்கலாம். ஒரு செயலில் தோற்றதை எடுத்துத் தன் ஆள் முழுவதற்கும் பெயராக ஒட்டிக்கொள்வதுதான் மனச்சோர்வின் வேலை. ஆகவே அந்த வசனத்தில் பெயர்ச்சொல் இருந்தே ஆக வேண்டும்.

விடை எங்கள் வாயிலேயே இருந்தது. ஆள். நல்ல ஆள், சரியான ஆள், அந்த ஆள் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நாள் முழுவதும் நாம் சொல்லும் சொல். "நான் தோற்றுப்போன ஆள்." அதைச் சொல்லிப் பார்த்தபோது மேசையைச் சுற்றியிருந்த நால்வரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். சரியாக விழுந்துவிட்ட வசனம் கேட்பவரையும் கொஞ்சம் நோகச் செய்யும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

மொழிபெயர்ப்பின் சரிபிழையைப் பார்ப்பதற்கு ஒரு வழக்கமான முறை உண்டு. தமிழ் வடிவத்தை, மூலத்தைக் காணாத வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பவும் ஆங்கிலமாக்கி, இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பெரிதும் பரவிய முறை இது. தேவையான முறைதான், எங்களுடைய இரண்டு பெரும் பிழைகளை அது பிடித்துத் தந்தது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: புத்தகத் தமிழுக்கு அது எப்போதும் சலுகை காட்டும். "நான் பெறுமதியற்றவன்" என்று எழுதினால் மூல ஆங்கிலச் சொல் பிசகாமல் அப்படியே திரும்பி வரும். கலட்டிச் சந்தியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எந்த மாணவன் நடு இரவில் விழித்துப் படுத்துக்கொண்டு தன்னைப் பெறுமதியற்றவன் என்று நினைக்கிறான்? பெறுமதி என்பது காணிக்கும் நகைக்கும் நாம் பார்ப்பது. "ஒண்டுக்கும் உதவாத ஆள்" என்பதே அவன் தலைக்குள் ஓடுவது. அது ஆங்கிலத்துக்குத் திரும்பியபோது வேறு சொல்லாகத் திரும்பியது. அதனால் பட்டியலில் அதற்கு எதிரே சிவப்புக் கோடு விழுந்தது. உயிருள்ள வசனம் தவறியது, பிணம் சித்தியடைந்தது. அந்தச் சிவப்புக் கோட்டை அழிப்பதற்கு நான் குழுக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற கேள்வியும் இதனோடு ஒட்டியதே. எண்ணம் பேச்சில் ஓடுகிறது. தாள் எழுத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சிலேயே முழுவதையும் எழுதிவிடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனால் திருநெல்வேலி வளாகத்துக்குள் நடந்து பார்த்தால், 1974இல் ஒரு வளாகமாகத் தொடங்கிய இந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று மட்டக்களப்பும் மன்னாரும் வன்னியும் மலையகமும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கின்றன. எனக்கு "ஏலாது" என்று வருவது நுவரெலியாவிலிருந்து வந்த பிள்ளைக்கு "முடியல" என்று வருகிறது. ஏலாது என்ற சொல்லிலும் பொறி உண்டு: "ஏலாமல் கிடக்கு" என்றால் இங்கே காய்ச்சல் என்றும் பொருள். ஆகவே பேச்சின் சொற்களை எடுத்து எழுத்தின் முடிபுகளைக் கொடுத்தோம். வெறுத்துப்போச்சு என்பதை வெறுத்துப்போய்விட்டது என்று எழுதினால் எந்த ஊர்ப் பிள்ளையும் தன் வாயில் அதைத் திருப்பிச் சொல்லிக்கொள்ளலாம்.

இரட்டை வசனங்களைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மூலத்தில் "எனக்கு என்ன நேர்ந்துவிட்டது" என்ற பொருளில் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு வசனங்கள் உள்ளன. தமிழில் இரண்டும் முற்றாக ஒன்றாகிவிடுகின்றன. ஒன்றை விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். விட்டால் அது முப்பது வசன வினாக்கொத்தாக இராது, பிற நாட்டு முடிவுகளோடு ஒப்பிட முடியாது என்பது ஒரு பதில். இரண்டையும் வைத்தால் வேறொரு தீங்கு. ஒரு வினாக்கொத்தின் உள்ளிசைவை, அதாவது அதன் வசனங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இணங்கிப் போகின்றன என்பதை, காட்டுவதற்கு லீ குரொன்பாக் 1951இல் விளக்கிய அல்பா என்ற எண்ணைப் பார்ப்பார்கள். அது ஒன்றை நெருங்க நெருங்க நம்பகம் கூடியதென்று கொள்வார்கள். ஆனால் வசனங்களின் தொகை கூடினாலும் அல்பா கூடும், ஒரே வசனத்தை இரண்டு முறை கேட்டாலும் கூடும். ஹொலனும் கெண்டலும் மூலத்துக்குப் பெற்ற அல்பாவே 0.96. எனவே எங்கள் தமிழ் வடிவத்துக்கும் உயர்ந்த எண் ஒன்று கிடைத்தால் அதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது என்று அவள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டாள். முடிவு வர முன்னரே அதற்கு மயங்காதிருக்க ஒரு குறிப்பு எழுதிய பிள்ளையை எண்ணி நான் பெருமைப்பட்டேன். கடைசியில் ஒன்றை "எனக்கு என்ன நடந்தது?" என்றும், மற்றதை "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்றும் பிரித்தோம்.

இனி, இந்த முழு வேலையிலும் எனக்கு முதன்மையாகப் பட்ட ஒன்றுக்கு வருகிறேன்.

வரைவு ஒன்று தயாரானதும் அதைச் சிறு தொகையான மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வசனத்தையும் வாசித்து, அது தமக்கு என்ன பொருள் தருகிறது என்று உரக்கச் சொல்லும்படி கேட்பார்கள். அந்த அமர்வுகளுக்கு மாணவரின் ஒப்புதலோடு குறிப்பெடுப்பவளாக நானும் போனேன். சொந்தக் கதை எதையும் சொல்லத் தேவையில்லை, வசனத்தைப் பற்றி மாத்திரம் சொன்னால் போதும் என்று ஒவ்வொரு முறையும் தெளிவாகச் சொல்லப்பட்டது. இரண்டாம் நாள், தன்னையே குறைவாக மதிக்கும் ஒரு வசனத்தை வாசித்த மாணவன் நெற்றியைச் சுருக்கினான்.

"விளங்குது. ஆனா இப்பிடி வராது."

"அப்ப எப்பிடி வரும் தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"நான் எண்டு வராது அக்கா. நீ எண்டு வரும். 'நீ உருப்படமாட்டாய்' எண்டு."

யாருடைய குரலில் வரும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவனாகவே, கணக்குப் படிப்பித்த ஒருவரின் குரலில் வரும் என்றான். அதற்குப் பின் வந்தவர்களிடம் இதை நாங்கள் தூண்டிக் கேட்காவிட்டாலும் மீண்டும் மீண்டும் அதுவே வந்தது. ஒருத்திக்கு மாமியின் குரல். "படிச்சு என்னத்தைக் கண்டாய்" என்று. இன்னொருத்திக்கு யாருடையதும் அல்லாத, ஒழுங்கை முழுவதற்கும் பொதுவான ஒரு குரல். "சனம் என்ன கதைக்கும்" என்று. மூல வினாக்கொத்தின் வசனங்களை எடுத்துப் பாருங்கள்: ஒருவர் தன்னைப் பற்றித் தானே, நான் என்றும் என் என்றும் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்கள் அவை. அந்த மாணவர்களுக்கு எண்ணம் அப்படி ஓடியிருக்கிறது, அவர்கள் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே எண்ணம் பல வேளைகளில் பிறர் வாயால் ஓடுகிறது. உதவாக்கரை என்ற சொல் நான் முதலில் நினைத்ததுபோல் பால் காட்டாத நல்ல தீர்வுதான். ஆனால் அது ஒருவர் தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் சொல் அல்ல, மற்றவரைப் பார்த்துச் சொல்லும் சொல். அதை "நான் உதவாக்கரை" என்று தாளில் எழுதியபோது, பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு உடனே "நீ" என்று மாற்றிச் சொன்னார்கள்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். உருப்படமாட்டாய் என்ற சொல்லை எத்தனை பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன், கணக்கு வரவில்லை. அக்கறையால் சொன்னோம், உறைக்கட்டும் என்று சொன்னோம். அது உறைத்தது. நாற்பது நிமிடப் பாடம் முடிந்து நான் வகுப்பை விட்டுப் போன பின்னரும், என் குரல் ஒரு பிள்ளையின் தலைக்குள் நின்றிருக்கக் கூடும் என்பது, அந்தச் சிறிய அறையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருந்தபோது எனக்கு விளங்கிற்று. அன்று வீட்டுக்குப் போக முன் பரமேஸ்வராச் சந்தியில் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

"பிறரை ஏமாற்றமடையச் செய்துவிட்டேன்" என்ற பொருள் கொண்ட வசனமும் இதே வழியில்தான் போனது. முதல் வரைவில் இருந்த ஏமாற்றம் என்ற சொல்லை மாணவர் பலர் ஏமாற்று என்று எடுத்து, "நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை" என்று சற்றுக் கோபமாகவே மறுத்தார்கள். அதனால் சொல்லை மாற்றினோம். ஆனால் பிறர் என்ற சொல்லும் எவருக்கும் ஒட்டவில்லை. இங்கே ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகிறதென்றால், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் பெயரோடு ஒரு வீடு முழுவதும் சேர்ந்து நிற்கிறது. ரியூசனுக்கு ஈடு வைத்த நகை, கனடாவிலிருந்து மாதம் தவறாமல் காசு அனுப்பும் அண்ணன், தன் படிப்பை நிறுத்திக்கொண்டு தம்பியைப் படிக்க விட்ட அக்கா. "வீட்டாரின் நம்பிக்கையை வீணாக்கிவிட்டேன்" என்று எழுதியவுடன் எல்லோரும் தலையசைத்தார்கள். இது மூலத்திலிருந்து விலகல் என்று குழுவில் ஒருவர் சொன்னார். சரிதான், பிறர் வேறு, வீட்டார் வேறு. "எனக்கு நெருக்கமானவர்களின் நம்பிக்கையை" என்ற இடைவழிக்கு இறுதியில் இணங்கினோம். அதில் எனக்கு இன்னமும் முழு மனம் இல்லை.

சில வசனங்களில் மொழி சரியாக இருந்தது, இடம்தான் மாறியிருந்தது. வேறு எங்காவது இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒருவர் நினைப்பதை மூல வினாக்கொத்து எதிர்மறை எண்ணமாக எண்ணுகிறது. யாழ்ப்பாணத்தில் அது எண்ணமே அல்ல, பல வீடுகளில் திட்டம். வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்பதைச் சிரித்த முகத்தோடு, விசாத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் பிள்ளைக்கு அதில் ஐந்து இலக்கம் விழுந்தால், அந்த ஐந்து எதை அளந்தது? அதேபோல ஏதாவது மாற வேண்டும் என்ற வசனம். ஒரு மாணவன் அதைத் தன்னைப் பற்றியதாக எடுக்காமல் நாட்டைப் பற்றியதாக எடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கத் தொடங்கினான். அவனுக்கு அது நம்பிக்கையின் வசனம். எதிர்காலம் இருண்டிருக்கிறது என்பது, 2022இல் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகளிடம் எவ்வளவுக்கு மனத்தின் கோணல், எவ்வளவுக்குக் கண்ணால் கண்டது? இன்று முதலாம் ஆண்டில் இருக்கும் பலர் 2009இல் பாலர் வகுப்பு வயதுப் பிள்ளைகள். வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு உலகம் தமக்கு எதிராக நின்றது என்பது எண்ணமாகவும் இருக்கலாம், நினைவாகவும் இருக்கலாம்.

இதைத்தான் வலிதுத்தன்மை என்பார்கள். ஏற்புடைமை என்றும் எழுதுவதுண்டு. அளக்கிறோம் என்று சொல்வதை உண்மையிலேயே அளக்கிறோமா என்ற கேள்வி அது. இதற்குரிய கணக்குகள் உண்டு. எந்த எண்ணம் எந்த எண்ணத்தோடு கூடி வருகிறது என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வை அவள் செய்வாள். ஒரு வசனத்துக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்ற பழைய கைக்கணக்கின்படி பார்த்தாலே அதற்கு நூற்றைம்பது முதல் முந்நூறு மாணவர் வேண்டும். மூலத்தில் நான்கு கூட்டங்கள் கண்டார்கள்: தன் நிலையோடு பொருந்தாமையும் மாற்றத்துக்கான விருப்பமும், தன்னைப் பற்றிய தாழ்ந்த கருத்தும் எதிர்பார்ப்பும், தன்மதிப்புக் குறைவு, கைவிட்டுவிட்ட நிலை. வேறு மொழிகளில் செய்த எல்லோருக்கும் அதே நான்கு கிடைக்கவில்லை. ஏதாவது மாற வேண்டும் என்ற வசனம் தமிழில் மற்றவற்றோடு கூடாமல் தனித்து நிற்கும் என்பது என் ஊகம். எண் வந்தால் தெரியும். ஒன்பது வினாக்கள் கொண்ட மனச்சோர்வு வினாக்கொத்து ஒன்றையும் உடன் கொடுத்து, இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா என்றும் பார்க்கப் போகிறாள். சில மாணவருக்கு இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் கொடுப்பாள். ஆனால் கடந்த ஒரு கிழமையைப் பற்றிக் கேட்கும் தாளில் புள்ளி மாறினால், தாள் நம்பத்தகாததா அல்லது பிள்ளையின் கிழமை மாறியதா என்று பிரித்தறிவது எளிதல்ல. ஆகவே சோதனைக் காலத்துக்கு அருகில் எதையும் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

இலக்கமிடும் ஐந்து படிகளில் நடுப்படி எங்களைச் சற்று அலைக்கழித்தது. ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எந்நேரமும் என்பன தாமாக வந்து அமர்ந்தன. நடுவில் "இடையிடையே" என்று வைத்தோம். ஆனால் ஒரு மாணவி கேட்டது என்னை விட்டுப் போகவில்லை. "ஒருக்காத்தான் வந்தது. ஆனா விடியும் மட்டும் நிண்டது. அதுக்கு எத்தினை போடுறது?" இந்த வினாக்கொத்து தடவையை எண்ணுகிறது, பாரத்தை எண்ணுவதில்லை. அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆயினும், அப்படி நின்றதற்கு எந்நேரமும் என்றே போடலாம் என்று அறிவுறுத்தலில் ஒரு வரி சேர்த்தோம்.

காணாமல் போய்விட வேண்டும் என்ற பொருளில் ஒரு வசனம் உண்டு. அதைத் தமிழில் எழுதும்போது எங்கள் கை தயங்கிய காரணத்தை யாழ்ப்பாணத்தில் விளக்கத் தேவையில்லை. காணாமல் போதல் என்ற சொல்லைத் தாளிலிருந்து எடுத்தோம். பிள்ளையின் படத்தை ஏந்திக்கொண்டு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரின் சொல் அது, அதை வேறொன்றுக்கு எடுத்தாள எங்களுக்கு மனம் வரவில்லை. "ஒருவர் கண்ணிலும் படாமல் மறைந்துவிட வேண்டும் போலிருக்கிறது" என்று எழுதினோம். இப்படியொரு வசனத்துக்கு ஒரு பிள்ளை ஐந்து இட்டால், அந்தத் தாள் அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்படக் கூடாது. ஆகவே தாளைக் கொடுக்கும் அன்றே அறைக்கு வெளியே உளவளத்துணையாளர் ஒருவர் இருப்பார் என்பதும், விரும்பியவர்கள் ஒரு குறியீட்டை இட்டால் தொடர்புகொள்ளப்படுவார்கள் என்பதும், 1926 என்ற தேசிய மனநல அழைப்பு எண் தாளிலேயே அச்சிடப்படும் என்பதும் தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டன. மேசைக்கு மேசை நடந்து தாள் கொடுப்பதும் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார் என்றால் எவரும் உண்மையை எழுதமாட்டார்கள். மனம் சரியில்லை என்று சொன்னால் விசர் என்று பெயர் வைத்துவிடும் ஊர் இது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

மாசி மாதத்தில் கடைசிக் கூட்டம் நடந்தது. முப்பது வசனங்களும் ஒப்புக்கொள்ளப்பட்டன. நீ என்று வந்த வசனங்களை என்ன செய்வது என்ற கேள்வி மாத்திரம் மேசையில் கிடந்தது. அவற்றை முப்பதுக்குள் நுழைத்தால் வினாக்கொத்து வேறொன்றாகிவிடும். விட்டுவிட்டால், அமெரிக்க மாணவரிடம் 1980க்கு முன் கேட்ட அளவுக்குக்கூட எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்கவில்லை என்றாகும். முப்பதையும் தொடாமல், அதன் பின் ஒரு வெற்றிடம் விட்டு, "இங்கே இல்லாத, ஆனால் உங்கள் மனதில் ஓடிய வசனம் ஏதேனும் இருந்தால், அது ஓடிய விதமாகவே எழுதுங்கள், யாருடைய குரலில் ஓடியது என்றும் விரும்பினால் எழுதுங்கள்" என்று கேட்போம் என்று அவள் சொன்னாள். எத்தனை வரி விடலாம் என்று கேட்டேன். இரண்டு வரி என்றாள். அதற்கு மேல் போனால் இன்னொரு தாள் வேண்டும், முந்நூறு பேருக்கு முந்நூறு தாள், அச்சுச் செலவும் அவளுடையது. இரண்டு வரி போதாது பிள்ளை என்றேன். அவள் கணிப்பானை எடுத்துச் சற்று நேரம் கணக்குப் பார்த்தாள். பிறகு கடைசித் தாளைப் புரட்டி, அதன் பின்பக்கம் முழுவதையும் கோடு போடாமல் வெறுமையாக விட்டாள்.